அ, ஆ சொல்லிக்கொடுக்க நாலு வருஷப் படிப்பா?

கேள்வி:

வணக்கம் டீச்சர். தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஆவதற்கான பட்டப்படிப்பு படிக்கிறேன், இரண்டாம் ஆண்டு முடியப்போகிறது. இன்ஜினியரிங் படிக்கும் நண்பர்கள், "அ, ஆ சொல்லிக்கொடுக்க நாலு வருஷமா?" என்று கேட்டே கொல்கிறார்கள். எனக்கே இப்போது சந்தேகமாக இருக்கிறது. இதுவரை படித்ததெல்லாம் பியாஜே, வைகாட்ஸ்கி என்ற குழந்தை உளவியலாளர்களின் கொள்கைகள், உளவியல், கல்வி வரலாறு. ஒரு பிள்ளைக்குக் கழித்தல் எப்படிச் சொல்லித்தருவது என்று யாரும் சொல்லவில்லை. எனக்குக் கணக்கு வேறு வராது, பள்ளியில் தட்டுத்தடுமாறித்தான் பாஸ் ஆனேன். அடுத்த செமஸ்டரில் கணிதம் கற்பித்தல் தாளும் முதல் கற்பித்தல் பயிற்சியும் ஒன்றாக வருகின்றன. நான் அதிகம் பேசாதவன். முப்பது பிள்ளைகள் முன்னால் நின்றால் குரலே வராதோ என்று பயம். பேசாமல் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் படிப்புக்கு மாறிவிடலாமா? அதற்கு மரியாதையும் கொஞ்சம் அதிகம் என்கிறார்கள். ஆண் பிள்ளை ஒன்றாம் வகுப்புக்குப் போய் என்ன செய்யப்போகிறாய் என்று வீட்டிலும் கேட்கிறார்கள்.

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தில் ஐந்தாறு கேள்விகள் இருக்கின்றன. நண்பர்கள் கேட்கும் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதன் வாலைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது.

அவர்கள் அப்படிக் கேட்பதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. டான் லார்ட்டி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1975-இல் ஒரு கணக்குச் சொன்னார்: பள்ளிப் படிப்பை முடிக்கிற ஒருவர் அதற்குள் சுமார் 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். வேறு எந்த வேலையையும் நாம் இவ்வளவு நேரம் பக்கத்திலிருந்து பார்ப்பதில்லை. அதனால் எல்லோருக்கும் இந்த வேலை தெரிந்த மாதிரி இருக்கும். ஆனால் பெஞ்சிலிருந்து பார்த்தால் டீச்சர் போர்டில் எழுதியது தெரியும், எழுத வேண்டாம் என்று அவர் எதை விட்டார் என்பது தெரியாது. மூன்றாவது வரிசைப் பையனிடம் கேள்வி கேட்டது தெரியும், அவனை ஏன் கேட்டார், ஏன் அந்த நேரத்தில் கேட்டார் என்பது தெரியாது. உங்கள் நண்பர்கள் பார்த்தது வேலையின் முன்பக்கம். இப்போது நீங்கள் பின்பக்கமாக உள்ளே நுழைந்துகொண்டிருக்கிறீர்கள், அதனால்தான் குழப்பம்.

என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்கிறேன், அவமானமான கதைதான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒன்றாம் வகுப்புக்குக் கழித்தல் நடத்தினேன். பிள்ளைகள் குழம்பக்கூடாது என்று ஒரு விதி சொல்லிக்கொடுத்தேன்: "எப்பவும் பெரிய நம்பரிலிருந்து சின்ன நம்பரைக் கழிக்கணும்." வகுப்பே கோரஸாகச் சொன்னது, எனக்கும் பெருமை தாங்கவில்லை. அடுத்த வருஷம் அதே பிள்ளைகள் இரண்டாம் வகுப்புக்குப் போனார்கள். இரண்டு மாதம் கழித்து அந்த வகுப்பு டீச்சர், என்னைவிட வயதில் ரொம்ப மூத்தவர், ஒரு பையனின் நோட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். 52-இலிருந்து 38-ஐக் கழிக்க வேண்டும். பையன் 26 என்று எழுதியிருந்தான். கீழே இன்னும் ஐந்து கணக்கு, எல்லாமே தப்பு. சிவப்பு மையில் சுழித்துவிட்டு, இவனுக்குக் கடன் வாங்கிக் கழிக்க வரவில்லை, இன்னும் இருபது கணக்கு கொடுங்கள் என்று சொல்வதுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் அதுதான் தோன்றியது. அந்த டீச்சர் கேட்டார்: "இது எப்படி வந்ததுன்னு பாரேன்."

பார்த்தேன். ஒன்றாம் இடத்தில் மேலே 2, கீழே 8. பெரியதிலிருந்து சின்னது போனால் 6. பத்தாம் இடத்தில் 5-இலிருந்து 3 போனால் 2. ஆக 26. கீழே இருந்த ஐந்தும் அதே மாதிரி. பையன் ஒரு இடத்தில்கூடச் சறுக்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்த விதியை, ஒரு வருஷம் கழித்தும், எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறான். தப்பு என்னுடையது, மார்க் போனது அவனுடையது. அவனுக்கு இருபது கணக்கு கொடுத்திருந்தால் இருபதையும் அதே விதிப்படி சுத்தமாகத் தப்பாகப் போட்டுக்கொண்டு வந்திருப்பான்.

அப்புறம் அந்த டீச்சர் செய்ததையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குப் பயிற்சியில் உதவும். அவனைக் கூப்பிட்டு ஐந்து கட்டு குச்சிகளும் இரண்டு தனிக் குச்சிகளும் கொடுத்தார், ஒரு கட்டில் பத்து. "இதிலிருந்து முப்பத்தெட்டு எனக்குக் கொடு." மூன்று கட்டை எடுத்துக் கொடுத்தான். இரண்டு தனிக் குச்சியையும் கொடுத்தான். இன்னும் ஆறு வேண்டும். கையில் இரண்டு முழுக் கட்டு. கொஞ்ச நேரம் கட்டையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு யாரும் சொல்லாமலே ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றினான். கடன் வாங்குவது என்று நாம் சொல்வது அந்த ரப்பர் பேண்டைக் கழற்றுவதைத்தான், உண்மையில் யாரும் யாரிடமும் கடன் வாங்குவதும் இல்லை, திருப்பிக் கொடுப்பதும் இல்லை. மிச்சத்தை எண்ணிப் பதினான்கு என்றவன், தன் நோட்டில் இருந்த 26-ஐப் பார்த்துச் சிரித்தான்.

இந்தப் படிப்பு எதற்கு என்று கேட்டால் நான் சொல்வது இதுதான்: பிள்ளையின் தப்பான விடை எப்படி உருவானது என்று பார்க்கிற கண் வருவதற்கு. சரியான விடை எல்லோருக்கும் தெரியும், உங்கள் இன்ஜினியரிங் நண்பர்களுக்கு நம்மைவிட வேகமாகவே தெரியும். 26 எங்கிருந்து வந்தது என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், "கவனக்குறைவு" என்பார்கள். லீ ஷுல்மன் என்ற கல்வி ஆய்வாளர் 1986-இல் இதற்கு "பாடம் சார்ந்த கற்பித்தல் அறிவு" என்று ஒரு பெயர் வைத்தார். பாடம் தெரிவது ஒன்று, பொதுவாகக் கற்பிக்கத் தெரிவது இன்னொன்று, இந்தப் பாடத்தில் பிள்ளை எங்கே தடுக்கும், எந்த உதாரணம் எடுபடும் என்று தெரிவது இந்த இரண்டிலும் அடங்காத மூன்றாவது அறிவு என்றார். உங்கள் மூன்றாம் ஆண்டு தாள்களில் இவர் பெயர் எப்படியும் வரும். வரும்போது ஐந்து மார்க் கேள்வியாக மட்டும் படிக்காதீர்கள்.

சரி, கணக்கு வராது என்றீர்கள். உங்களுக்கு வராதது எது? சரியாகப் பார்த்தால், விதிகளை வேகமாக ஞாபகத்திலிருந்து எடுத்துப் போடுவது வரவில்லை. அது உங்களுக்கு நல்லதாகக்கூட இருக்கலாம். லிப்பிங் மா என்ற ஆய்வாளர் 1999-இல் வெளியிட்ட ஒரு ஒப்பீடு உண்டு. அமெரிக்காவில் 23, சீனாவில் 72 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடம் ஒரே கேள்வி: ஒன்றே முக்காலை அரையால் வகுத்தால் என்ன, இதற்குப் பொருத்தமாக ஒரு கதைக் கணக்கு சொல்லுங்கள். சீன ஆசிரியர்கள் எல்லோரும் விடையைச் சரியாகப் போட்டார்கள், கதையும் பத்தில் ஒன்பது பேர் சரியாகச் சொன்னார்கள். அமெரிக்க ஆசிரியர்களில் 9 பேருக்குத்தான் விடையே சரி. கருத்துப் பிழை இல்லாத கதை சொன்னவர் ஒரே ஒருவர்.

படிப்பதை நிறுத்திவிட்டு நீங்களும் ஒரு கதை சொல்லிப் பாருங்கள். "ஒன்றே முக்கால் ரொட்டியை இரண்டு பேருக்குப் பாதிப் பாதியாகப் பிரித்தால்" என்று ஆரம்பித்தீர்களா? அது இரண்டால் வகுப்பது, அரையால் அல்ல. முக்கால்வாசிப் பேர் விழும் குழி அதுதான், நானும் விழுந்திருக்கிறேன். ஒன்றே முக்கால் மீட்டர் ரிப்பன் இருக்கிறது, அரை மீட்டர் துண்டாக வெட்டினால் எத்தனை துண்டு? மூன்று முழுத் துண்டும் ஒரு பாதித் துண்டும், அதாவது மூன்றரை. விடை ஏன் கொடுத்த எண்ணைவிடப் பெரியதாக வருகிறது என்று இப்போது கண்ணுக்கே தெரிகிறதல்லவா. "தலைகீழாக்கிப் பெருக்கு" என்று மனப்பாடம் செய்து நூற்றுக்கு நூறு வாங்கியவருக்கு இந்தக் கேள்வி தோன்றியே இருக்காது. தட்டுத்தடுமாறிப் பாஸானவருக்கு ஒரு சௌகரியம், எங்கே தடுமாறினோம் என்பது ஞாபகம் இருக்கும். கணிதம் கற்பித்தல் தாள் தொடங்குவதற்குமுன் ஒன்று முதல் ஐந்து வரை உள்ள கணக்குப் புத்தகங்களை எடுத்துவைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து எல்லாக் கணக்கையும் போடுங்கள். போடும்போது ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், இதில் பிள்ளை என்ன தப்பு விடை எழுதும் என்றும் ஒன்று எழுதுங்கள். ஒரு மாத வேலை. எந்த வழிகாட்டிப் புத்தகமும் தராததை இது தரும்.

அந்த ஆய்வில், இப்போது என்னைப் போல் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறவர்கள் சத்தமாகச் சொல்லாத ஒரு பகுதியும் இருக்கிறது. அந்தச் சீன ஆசிரியர்கள் அமெரிக்க ஆசிரியர்களைவிடக் குறைந்த வருஷங்களே படித்தவர்கள். நாலு வருஷம் வகுப்பில் உட்கார்ந்ததால் மட்டும் அந்தக் கண் வந்துவிடாது என்று அதற்கு அர்த்தம். பின்லாந்தில் 1979 முதல் தொடக்கப் பள்ளி வகுப்பாசிரியருக்கே முதுகலைப் பட்டம் கட்டாயம், நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பட்டத்தின் நீளத்தை வைத்து வாதாடாதீர்கள், தோற்றுப்போவீர்கள். அந்த வருஷங்களுக்குள் பிள்ளைகளை எத்தனை தடவை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தீர்கள் என்பதுதான் கணக்கு.

அதனால்தான் பியாஜேயைப் பற்றிய உங்கள் புலம்பல் எனக்குப் புரிகிறது. பிள்ளையின் சிந்தனை வளர்ச்சிக்கு நாலு நிலைகள், வயது வரம்புகள், பட்டியலாக மனப்பாடம் செய்து எழுதினால் யாருக்குத்தான் பிடிக்கும். அவர் காலம் முழுக்கச் செய்தது பட்டியல் போடுவது இல்லை, பிள்ளைகளிடம் கேள்வி கேட்டு அவர்கள் சொல்லும் தப்பான பதிலை விடாமல் துருவுவது. நம் கதைக்கு அவர் முன்னோடி. உறவிலோ பக்கத்து வீட்டிலோ ஐந்து வயதுப் பிள்ளை இருந்தால் இன்று சாயங்காலமே செய்து பாருங்கள். ஆறு பொத்தானை ஒரு வரிசையிலும், நேர் எதிரே இன்னொரு ஆறையும் வையுங்கள். இரண்டும் சமமா? சமம் என்று சொல்லும். இப்போது ஒரு வரிசையை மட்டும் அகலமாக நகர்த்திவிட்டு, "இப்போ சமமா, எதிலாவது அதிகமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் நீண்ட வரிசையைக் காட்டி அதில்தான் அதிகம் என்று சொல்லும். பிள்ளைக்கு எண்ணிக்கை மாறாது என்பது இன்னும் பிடிபடவில்லை என்பது பியாஜேயின் விளக்கம்.

கதை அங்கே முடியவில்லை. 1974-இல் மெக்கேரிகிள், டொனால்ட்சன் என்ற இருவர் இதையே ஒரு சின்ன மாற்றத்தோடு செய்தார்கள். வரிசையைப் பெரியவர் நகர்த்தவில்லை, ஒரு குறும்புக்கார கரடி பொம்மை பாய்ந்து வந்து கலைத்துவிட்டது. பிறகு அதே கேள்வி. இந்தத் தடவை சமம் என்று சரியாகச் சொன்ன பிள்ளைகள் பல மடங்கு அதிகம். யோசித்துப் பாருங்கள், ஒரு பெரியவர் வேண்டுமென்றே எதையோ நகர்த்திவிட்டு, ஏற்கெனவே கேட்ட கேள்வியை மறுபடி கேட்டால் நமக்கே என்ன தோன்றும்? முதலில் சொன்னது தப்பு போலிருக்கிறது, வேறு பதில் எதிர்பார்க்கிறார் என்றுதானே. பிள்ளை எண்ணிக்கையைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை, நம் முகத்தையும் படித்துக்கொண்டிருக்கிறது. வகுப்பில் நீங்கள் "நல்லா யோசிச்சுச் சொல்லு" என்று சொன்ன அடுத்த நொடியே சரியான விடையைக்கூட மாற்றிச் சொல்லும் பிள்ளைகளைப் பார்க்கப்போகிறீர்கள். அப்போது அந்தக் கரடி பொம்மை ஞாபகம் வர வேண்டும். கோட்பாட்டுத் தாள்களை இப்படித்தான் படிக்க வேண்டும், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பிள்ளையின் முகத்தை ஒட்டிவைத்து.

உங்கள் தாள்களில் எல்லாமே பொன் என்றும் சொல்லமாட்டேன். கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகளை மூன்றாகப் பிரித்து, அதற்கேற்பப் பாடம் நடத்தச் சொல்லும் ஒரு பகுதி பல இடங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படிப் பிரித்து நடத்தினால் கற்றல் கூடுகிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008-இல் பேஷ்லர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் அலசி எழுதிவிட்டார்கள். தேர்வில் கேட்டால் எழுதிவிட்டு வாருங்கள், வகுப்பறைக்குள் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

நண்பர்களின் "அ, ஆ"வுக்கும் ஒரு பதில் பாக்கி இருக்கிறது. அவர்களிடம் "கொடி" என்ற சொல்லை எழுதிக் காட்டுங்கள். எழுத்துகளை இடமிருந்து வலமாகப் படி என்று பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறோம். முதலில் கண்ணில் படுவது ஒற்றைக் கொம்பு, அடுத்து க, அடுத்து கால். ஆனால் வாயில் முதலில் வர வேண்டியது க் என்ற ஒலி, முன்னால் நிற்கும் கொம்பும் பின்னால் நிற்கும் காலும் சேர்ந்துதான் ஒ என்ற ஒரே உயிர். வரிசையாகப் படிக்கிற நல்ல பிள்ளை என்ன செய்யும்? கொம்பையும் க-வையும் சேர்த்து "கெ" என்று ஆரம்பித்து, காலைப் பார்த்ததும் நிற்கும். சில பிள்ளைகள் "கெடி" என்று காலை விழுங்கிவிடும். பிள்ளைக்குக் கவனம் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள், சொன்னபடி கேட்டதால் வந்த வினை. நமக்குப் பழகிப்போனதால் இது தெரிவதில்லை. தெரியாததைத் தெரியவைப்பதற்குத்தான் மொழி கற்பித்தல் தாள்.

எண்ணும்போதும் இதே வேடிக்கைதான். இருபத்தொன்பதுக்கு அடுத்து "இருபத்திப்பத்து" என்று ஒரு பிள்ளை சொன்னால் சிரித்துவிடாதீர்கள். அது தானாகவே ஒரு விதியைக் கண்டுபிடித்துவிட்டது, விதி எங்கே நிற்கிறது என்பதுதான் இன்னும் தெரியவில்லை. என் வகுப்பில் எண்பத்தொன்பதிலிருந்து நேரே நூறுக்குத் தாவிய பிள்ளைகளும் உண்டு. தொண்ணூறு என்று சொல்லிப் பாருங்கள், அதன் வாலில் நூறின் சத்தம் கேட்கிறது. எண்பதுக்கு அடுத்து வேறு ஏதாவது "பது" வரும் என்று காத்திருந்த பிள்ளை பாவம், என்ன செய்யும்.

இனி கற்பித்தல் பயிற்சி. பேசாதவன் என்று பயப்படுகிறீர்கள். உண்மையைச் சொன்னால் பயிற்சிக்கு வருபவர்களில் எனக்குக் கவலை தருகிறவர்கள் நிறுத்தாமல் பேசுகிறவர்கள்தான். மேரி பட் ரோ என்பவர் எழுபதுகளில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கேட்டு அளந்தார். ஆசிரியர்கள் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு விநாடி அளவுதான். அதை மூன்று விநாடியாக நீட்டியபோது பதில்கள் நீளமாக வந்தன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று விநாடி என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். வகுப்பு முன்னால் நின்று, முப்பது முகங்கள் பார்க்க, மனசுக்குள் ஒன்று இரண்டு மூன்று எண்ணிப் பாருங்கள், ஒரு யுகம் மாதிரி இருக்கும். பேச்சுக்காரரால் அது முடியாது, நடுவில் தானே பதில் சொல்லிவிடுவார். உங்களால் முடியும்.

குரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. சத்தம் போட்டு வகுப்பை அடக்க முயற்சிக்காதீர்கள், தொண்டைதான் போகும். இந்தத் தொழிலில் குரல் கெட்டுப்போவது சாதாரணம், நானே ஒரு வருஷம் கிசுகிசுத்துத்தான் பாடம் நடத்தினேன். ஏதாவது ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், கை தூக்குவதோ மூன்று தட்டுத் தட்டுவதோ, அது வந்தால் எல்லோரும் உங்களைப் பார்க்க வேண்டும் என்று முதல் நாளிலேயே பழக்குங்கள். பழக்கியது பிடிபடும்வரை, எல்லாக் கண்ணும் வரும்வரை, பேச்சைத் தொடங்காதீர்கள்.

முதல் பாடம் சொதப்பும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நாற்பது நிமிஷத்துக்கு என்று எழுதிய பாடக்குறிப்பு பதினான்கு நிமிஷத்தில் தீர்ந்துபோகும், அல்லது முதல் படியிலேயே மணி அடித்துவிடும். என்னிடம் வரும் மாணவர்களில் பெரும்பாலோர் சொதப்புவது பாடத்தில் இல்லை, காகிதம் கொடுப்பதில். கத்தரியையும் வண்ணக் காகிதத்தையும் கையில் கொடுத்துவிட்டு, பிறகு என்ன செய்ய வேண்டும் என்று விளக்க ஆரம்பிப்பார்கள். கத்தரி கைக்கு வந்தபிறகு எந்தப் பிள்ளை காது கொடுக்கும்? முதலில் சொல்லுங்கள், ஒரு பிள்ளையைத் திருப்பிச் சொல்லவையுங்கள், அப்புறம் கொடுங்கள். பாடக்குறிப்பில் "நோக்கம்" என்ற தலைப்பின்கீழ் அழகழகாக எழுதுவீர்கள். அதோடு காகிதத்தை யார் கொடுப்பது, முடித்த பிள்ளை என்ன செய்யும், வெளியே போக அனுமதி கேட்டால் என்ன சொல்வது என்று மூன்று வரி எழுதிவையுங்கள். மேற்பார்வைக்கு வரும் விரிவுரையாளர் அதற்கு மார்க் போடாமல் போகலாம், பாடம் அதில்தான் ஓடும்.

ஜேக்கப் கூனின் என்பவர் 1970-இல் எழுதியது ஒன்றும் இங்கே பொருந்தும். பிள்ளைகள் ஒழுங்காக இருக்கும் வகுப்புகளையும் இல்லாத வகுப்புகளையும் அவர் படம்பிடித்து ஒப்பிட்டார். தவறு நடந்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. நடப்பதற்கு முன்னால் அவர் கண் எங்கெல்லாம் போகிறது, வகுப்பில் நடப்பதெல்லாம் அவருக்குத் தெரிகிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிகிறதா என்பதில்தான் வித்தியாசம். ஆகவே ஒரு பிள்ளையின் நோட்டைக் குனிந்து பார்க்கும்போது வகுப்புக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள். கொஞ்சம் பக்கவாட்டில் நின்றால் போதும். சின்ன விஷயம்தான், இதையெல்லாம் சொல்லித்தர ஒரு படிப்பா என்று மறுபடி உங்கள் நண்பர்கள் கேட்பார்கள், கேட்கட்டும்.

ஆண் பிள்ளை என்ற பேச்சுக்கு அதிக நேரம் ஒதுக்கப்போவதில்லை. உலகம் முழுக்கப் பார்த்தால் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள், அதனால் நீங்கள் பயிற்சிக்குப் போகும் பள்ளியின் ஆசிரியர் அறையில் தனியாக உட்கார நேரலாம். இரண்டாம் நாள் பழகிவிடும். பிள்ளைகள் ஐந்து நிமிஷத்தில் பழகிவிடுவார்கள். என்ன, நாற்காலிதான் சின்னது, முட்டி வலிக்கும்.

உயர்நிலைக்கு மாறுவதா என்ற கேள்விக்கு வருகிறேன். மரியாதைக்காக மாறாதீர்கள். ஒரு பாடத்தின் மேல் உங்களுக்குத் தனிக் காதல் இருந்து, நாள் முழுக்க அதைப் பற்றியே பேசினாலும் அலுக்காது என்றால் மாறுங்கள், அது நியாயமான காரணம். இங்கே ஒரே நாளில் கணக்கு, மொழி, அறிவியல், படம், விளையாட்டு, நடுவில் உதிர்ந்த பல் ஒன்று, எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். அது சிலருக்கு எரிச்சல், சிலருக்குச் சுகம். உங்களுக்கு எது என்று கடிதத்தை வைத்துச் சொல்ல என்னால் முடியாது, பயிற்சி முடியாமல் உங்களாலும் முடியாது. மாறுவதற்கான கடைசித் தேதி எப்போது என்று மட்டும் துறை அலுவலகத்தில் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்தெந்தத் தாள்கள் அங்கே கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும், தொடக்கப் பள்ளிக்கான தகுதியை வைத்து உயர்நிலையில் கற்பிக்க முடியுமா, இதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். பல இடங்களில் ஒன்றுக்கு வாங்கிய தகுதி இன்னொன்றுக்குச் செல்லாது, சீனியர்கள் வாய்வழியாகச் சொல்வதை நம்பி மாறியவர்கள் ஒரு வருஷத்தைத் தொலைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

பயிற்சியின்போது உங்களை நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரு தப்பான விடை, ஒன்றே ஒன்று, பிள்ளை எழுதியபடியே அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். ராத்திரி உட்கார்ந்து, இது எப்படி வந்திருக்கும் என்று யோசியுங்கள். மறுநாள் அந்தப் பிள்ளையிடமே, "இதை எப்படிப் போட்டேன்னு எனக்குக் காட்டேன்" என்று கேளுங்கள். தப்பு என்று சொல்லிவிடாதீர்கள், முகத்திலும் காட்டாதீர்கள், கரடி பொம்மையை மறக்க வேண்டாம். நீங்கள் ராத்திரி யோசித்தது பாதி நாள் தப்பாக இருக்கும், பிள்ளை வேறு ஏதோ ஒரு வழியில் போயிருக்கும். இரண்டு வாரம் கழித்து அந்த நோட்டைத் திறப்பது உங்களுக்கு ஆவலாக இருக்கிறதா, இல்லை அதுவும் இன்னொரு அசைன்மென்ட் மாதிரி பாரமாக இருக்கிறதா என்று பாருங்கள். பாரமாக இருந்தால் மாறிவிடலாம், அதில் ஒரு வெட்கமும் இல்லை.

ஆவலாக இருந்தால், பயிற்சி முடிந்ததும் அதிலிருந்து மூன்று விடைகளை எனக்கு எழுதி அனுப்புங்கள். பிள்ளைகளின் பெயர் வேண்டாம், வகுப்பும் கணக்கும் அவர்கள் எழுதியதும் போதும். அவை எப்படி வந்தன என்பதை மட்டும் எழுதாமல் விடுங்கள், நானும் யோசித்துப் பார்க்கிறேன்.